திறப்பு வீட்டுக்குள், வாகனம் கப்பலில்: ரொறன்ரோ ஊர்ச்சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் இயங்கும் ஊர்ச்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் பரிபாலன சபைகள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

வாகனத் திருட்டைப் பற்றி உங்கள் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் அறிவுரை அநேகமாக ஒன்றுதான்: திறப்பை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள், அல்லது சமிக்ஞையை மறைக்கும் பை வாங்குங்கள். அது பிழையில்லை. ஆனால் ஒரு வகைத் திருட்டுக்கு மட்டும்தான் அது மருந்து. வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் கிடக்கும் திறப்பின் சமிக்ஞையை ஒருவன் கருவியால் பிடித்து, வாகனத்தடியில் நிற்கும் கூட்டாளியின் கருவிக்குக் கடத்துகிறானே, அதற்கு. அந்தப் பையும் நாட்பட உள்ளே மடிப்புகளில் கிழியும். மாதம் ஒருமுறை திறப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு கதவுப் பிடியைத் தொட்டுப் பாருங்கள். கதவு திறந்தால் பையை எறிந்துவிடுங்கள். பல ரொயோட்டா திறப்புகளுக்குப் பையே தேவையில்லை. பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால், சின்ன விளக்கு நான்கு தடவை மின்னி, திறப்பு உறங்கப் போய்விடும்.

நாங்கள் எழுத வந்தது மற்ற வகையைப் பற்றி. அதில் உங்கள் திறப்புக்கு வேலையே இல்லை. கள்ளன் எப்படியோ வாகனத்துக்குள் போகிறான், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி (வாகனக் கணினியில் பிழை பார்க்கும்) சொக்கெற்றில் கருவியைச் செருகுகிறான், தான் கொண்டுவந்த வெறுந்திறப்பை உங்கள் வாகனத்தின் கணினியில் புதிதாகப் பதிகிறான். சில நிமிடத்தில் வாகனம் அவனையும் உரிமையாளர் என்று நம்பிவிடும். உங்கள் திறப்பு பைக்குள் இருந்தால் என்ன, வங்கிப் பெட்டகத்தில் இருந்தால் என்ன, வாகனம் கப்பலேறி வெளிநாடு போய்விடும்.

புகைச் சோதனைக்காகவும் திருத்த வேலைக்காகவும் வந்த சொக்கெற் அது. அமெரிக்காவில் 1996 மாதிரியிலிருந்தும் கனடாவில் 1998 மாதிரியிலிருந்தும் கட்டாயம். ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு அடிக்குள், கையெட்டும் இடத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. மெக்கானிக்குக்கு எட்டும் இடம் கள்ளனுக்கும் எட்டுகிறது. கனடாவின் காப்புறுதி நிறுவனங்கள் 2023இல் வாகனத் திருட்டுக்காகக் கொடுத்தது 150 கோடி டொலர். அந்த வருடம் அதிகம் திருடுபோனது ரொயோட்டா ஹைலாண்டர். உங்கள் ஒன்றுகூடலுக்கு வரும் வாகனங்களை ஒருதரம் எண்ணிப் பாருங்கள், விளங்கும்.

முதல் வேலை, அந்தச் சொக்கெற்றைப் பூட்டுவது. இரும்பு உறையும் தனித் திறப்பும் கொண்ட ஓபிடி பூட்டுகள் கடையில் கிடைக்கின்றன. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பூட்டு எதைப் பிடிக்கிறது? சொக்கெற் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் தட்டை மட்டும் பிடிக்கும் பூட்டு வீண். கள்ளன் தட்டையே உடைத்துச் சொக்கெற்றை வயரோடு கீழே இழுத்துவிடுவான். சொக்கெற்றின் உடலைச் சுற்றிக் கவ்வி, பின்பக்கத்தையும் மூடி, டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள குறுக்கு இரும்போடு இறுகுவதே பயன். மாட்டுமுன் முழங்கால் பக்கத்து மூடியைக் கழற்ற நேரிடும். மஞ்சள் நிறச் சொக்கெற்றோ மஞ்சள் உறை போட்ட வயரோ கண்டால் கை வைக்காதீர்கள். அது காற்றுப்பைக்குப் போவது. காப்புறுதி நிறுவனம் தந்த கண்காணிப்புக் கருவி சொக்கெற்றில் இருந்தால், பூட்டு வாங்குமுன் அவர்களோடு பேசித் தீருங்கள்.

சொக்கெற்றை வேறு இடத்துக்கு மாற்றுவது இன்னொரு வழி. 16 ஊசி நீட்டிப்பு வயர் ஒன்று வாங்கி உண்மையான சொக்கெற்றை மறைவிடத்துக்குக் கொண்டுபோய், பழைய இடத்தில் எதனோடும் இணையாத வெறும் சொக்கெற்றை விடுவது. கள்ளன் கருவியைச் செருகுவான், கருவி வாய் திறக்காது. அவனுடைய நேரம் அதில் போகும். வயர் இரண்டு அடிக்கு மேல் வேண்டாம். 6ஆம், 14ஆம் ஊசிகளின் வயர்கள் ஒன்றையொன்று முறுக்கியபடி வரும் நல்ல வயராக இருக்கட்டும். மலிவான தட்டை வயரில் தகவல் சிதறி, வேலைத்தளத்தில் தேவையில்லாத பிழைக் குறிகள் வரும். ஒன்ராறியோவில் சாதாரண வாகனங்களுக்கான புகைச் சோதனை 2019 ஏப்ரலோடு நின்றுவிட்டதால் அந்தப் பக்கத்தில் சிக்கலில்லை. உங்கள் மெக்கானிக்குக்கு மட்டும் இடத்தை வாயால் சொல்லிவையுங்கள். தாளில் எழுதி முன்பெட்டிக்குள் வைப்பவர்களும் இருக்கிறார்கள்!

பூட்டு மட்டும் போதாது. சொக்கெற்றைத் தொடாமலே, வெளிப்பக்க வயர் ஒன்றின் வழியாக வாகனத்தின் உள்வலையமைப்புக்குள் பொய்ச் செய்தி அனுப்பும் முறையும் உண்டு. 2022இல் இங்கிலாந்தின் இலண்டனில் இணையப் பாதுகாப்பு ஆய்வாளர் இயன் டேபரின் ரொயோட்டா ராவ்4 அப்படித்தான் போனது. மறு வருடம் வாகன வலையமைப்பு நிபுணர் கென் டிண்டெல் அதன் நுட்பத்தை விளக்கி எழுதினார். ஆகவே இரண்டாவது தடை கணினிக்குத் தெரியாததாக இருக்கவேண்டும். புதுத் திறப்பைப் பதிந்தாலும் பொய்ச் செய்தி அனுப்பினாலும், அறுந்து கிடக்கும் ஒரு வயரைக் கருவியால் ஒட்டவைக்க முடியாது. அப்படி ஒரு வயரை அறுத்து, நடுவில் மறைவாக வைக்கும் சுவிச்தான் மறைசுவிச். அதன் முழு இரகசியமும் இதுதான்.

எந்த வயரை அறுப்பது? பெரும்பாலோர் எரிபொருள் பம்பின் வயரைச் சொல்வார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. சுவிச்சோ இணைப்போ 401 நெடுஞ்சாலையில் ஓடும்போது கைவிட்டால் வாகனம் நடு வீதியில் நின்றுவிடும். ஸ்ராட்டர் றிலேயின் (எஞ்சினைத் தொடக்கும் மோட்டருக்கு மின்னை விடும் மின்சுவிச்சின்) சுருள் வயர் நல்லது. அது அறுந்தால் எஞ்சின் தொடங்காது, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் நிற்காது. சுருளில் ஓடும் மின்னோட்டம் ஒரு அம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். எனவே சின்ன சுவிச்சும் 18ஆம் இலக்க (கேஜ்) வயரும் போதும்; ஸ்ராட்டரின் தடித்த வயரைத் தொடவே தேவையில்லை.

செய்யும் முறை: பற்றறியின் எதிர்முனையைக் கழற்றி, குறைந்தது 90 விநாடி காத்திருங்கள். உங்கள் மாதிரிக்குரிய வயர் வரைபடத்தில் சுருள் வயரின் நிறத்தைப் பார்த்து, மல்ரிமீற்றரால் உறுதி செய்யுங்கள். பழைய பல்ப் வைத்த சோதனை விளக்கு வேண்டாம், அது இழுக்கும் மின்னோட்டம் கணினியின் உள்சுற்றைச் சுட்டுவிடும். வயரை வெட்டி, இரு முனைகளையும் சுவிச்சுக்குக் கொண்டுபோங்கள். இணைப்புகளை நசுக்கு முனையால் இறுக்கி, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். முறுக்கி ரேப் சுற்றிய இணைப்பு இரண்டு குளிர்காலம் தாங்காது. ஈரமும் உப்பும் போய்ப் பச்சை பூத்துவிடும். புது வயர் கறுப்பாக இருக்கட்டும், மேலே தொழிற்சாலைக் கட்டில் இருப்பதுபோன்ற துணி ரேப் சுற்றுங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் சிவப்பு வயர், சுவிச் எங்கே என்று கள்ளனுக்குக் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுக்கும். சுவிச், ஆசனத்தில் இருந்தபடி பார்க்காமல் கை போகும் இடத்தில் இருக்கவேண்டும். கால் படும் இடத்தில் இருக்கக்கூடாது.

தனி றிலே ஒன்றைச் சேர்ப்பவர்கள் அடிக்கடி விடும் பிழை, அதன் சுருளுக்கு எப்போதும் மின் இருக்கும் வயரிலிருந்து கொடுப்பது. எந்நேரமும் 0.15 அம்பியர் இழுத்தால் ஒரு நாளுக்கு 3.6 அம்பியர் மணி. 60 அம்பியர் மணி பற்றறி இரண்டு கிழமையில் பாதிக்கும் கீழே இறங்கி, சனவரிக் குளிரில் அதற்கும் முன்பே படுத்துவிடும். இக்னிஷன் போட்டால் மட்டும் மின் வரும் வயரிலிருந்து கொடுங்கள்.

கலப்பின (ஹைபிரிட்) வாகனங்களில் இதைச் செய்யவேண்டாம். அவற்றில் பலவற்றுக்கு வழமையான ஸ்ராட்டரே கிடையாது, செம்மஞ்சள் உறை போட்ட வயர்கள் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றுக்கு ஸ்டியரிங் பொத்தான்களால் இரகசிய எண் கேட்கும் தடைக்கருவியைத் தேர்ந்த ஒருவர் பூட்டுவதே வழி. சில மாதிரிகளில் 12 வோல்ட் பற்றறி பின்பெட்டிக்குள் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு மூடினால், பின்பெட்டியை மின்னால் திறக்க முடியாமல் நீங்களே வெளியே நிற்பீர்கள். குத்தகை வாகனத்தில் வயர் வெட்டுமுன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சொந்த வாகனமானாலும் காப்புறுதி முகவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ஊருக்குப் போய் ஒரு மாதம் நிற்பவர்களுக்கு வயர் வெட்டாத வழி இருக்கிறது. எரிபொருள் பம்பின் பியூஸைக் கழற்றி எடுத்துப்போங்கள். அதே நிறத்தில் எரிந்துபோன பியூஸ் ஒன்றை அந்த இடத்தில் செருகிவிடுங்கள். வெறும் இடம் கண்ணில் படும், எரிந்த பியூஸ் படாது. தினமும் செய்யாதீர்கள், பியூஸ் கவ்வும் தகடுகள் தளர்ந்து பிறகு தானாக விட்டுவிட்டுப் பிடிக்கும்.

தூரத்திலிருந்து எஞ்சினைத் தொடக்கும் கருவி பூட்டியவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்கவேண்டும். பழைய பூட்டல்கள் சிலவற்றில் உங்கள் உதிரித் திறப்பையே சின்னப் பெட்டிக்குள் வைத்து டாஷ்போர்டுக்குக் கீழே கட்டியிருப்பார்கள். கள்ளனுக்கு எதையும் பதியவேண்டிய தேவையே இருக்காது. பூட்டியவரிடம் கேட்டுப் பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். பாவித்த வாகனம் வாங்குபவர்கள், எத்தனை திறப்புகள் பதிவில் இருக்கின்றன என்று முகவர் நிலையத்தில் கேளுங்கள். கையில் இரண்டு, கணினியில் மூன்று என்றால் எல்லாவற்றையும் அழித்துக் கையிலுள்ளதை மட்டும் திரும்பப் பதியச் சொல்லுங்கள்.

ஸ்டியரிங் பூட்டு கண்ணுக்குத் தெரியும் தடை, அதனால்தான் வேண்டும். வளையத்தை அரிந்து பூட்டைக் கழற்றலாம் என்பதால், கோல் வடிவத்தைவிட முழு வளையத்தையும் மூடும் தட்டு வடிவம் மேல். இடங்காட்டும் கருவி திருட்டைத் தடுக்காது, வாகனத்தைத் தேட உதவும். சில காப்புறுதி நிறுவனங்கள் அது இருந்தால், அதிகம் திருடுபோகும் மாதிரிகளுக்கு வாங்கும் மேலதிகக் கட்டணத்தை விலக்குகின்றன. திரையில் புள்ளி தெரிகிறது என்று நீங்களே போகாதீர்கள், பொலிசுக்குக் கொடுங்கள்.

இனி உங்களிடம் கேட்பது. கோடை ஒன்றுகூடலில் ஒரு மேசை போடுங்கள். முன்கூட்டியே அங்கத்தவர்களிடம் வாகன மாதிரியும் வருடமும் வாங்கி, ஓபிடி பூட்டுகளை மொத்தமாக எடுப்பியுங்கள். பல வாகனங்களில் மாட்டுவது அரை மணித்தியால வேலை. மறைசுவிச் வேலையைப் பூங்காவில் செய்யவேண்டாம், அதை யார் செய்தாலும் தனியே, மூடிய கராஜில். எங்கே வைத்தோம் என்று குழுவில் படம் போடுவதையும் நிர்வாகிகள் தடுக்கவேண்டும். திருமண மண்டபத்தில் திறப்பை வாங்கி வாகனம் நிறுத்துபவர்களிடம் கொடுப்பதைவிட நீங்களே நிறுத்துங்கள். வைபவம் எத்தனை மணிக்கு முடியும் என்பது அழைப்பிதழிலேயே இருக்கிறது, அந்தத் தரிப்பிடத்தில் சுவிச் கட்டாயம் அணைந்திருக்கவேண்டும்.

கடைசியாக, சங்கத்தின் கடிதத்தாளில் கனடாப் போக்குவரத்து அமைச்சுக்கு ஒரு கடிதம். பதியாத திறப்பால் எஞ்சின் தொடங்காமல் தடுக்கும் திருட்டுத்தடைக் கருவி இங்கே கட்டாயமானது 2007 செப்டெம்பர் 1ஆம் திகதி; அதற்கு ஆதாரமாக எடுத்த கனடிய நியமம் 1998ஆம் வருடத்துக்குரியது. 1998இல் பெரும்பாலான வாகனங்களில் திறப்புத் துவாரம்தான் இருந்தது, தொடக்கும் பொத்தான் இல்லை. ஜெனரல் மோட்டர்ஸின் பழைய சில மாதிரிகளில் திறப்பில்லாமல் புதுத் திறப்பைப் பதிய, பத்து நிமிடமாக மூன்று தடவை காத்திருக்கவேண்டும். அரை மணித்தியாலம் வீதியோர வாகனத்துக்குள் குந்தியிருக்க எந்தக் கள்ளனும் விரும்பமாட்டான். எல்லா நிறுவனங்களும் அப்படி ஒரு காத்திருப்பையும், உரிமையாளர் மட்டும் அறிந்த எண்ணையும் வைக்கவேண்டும் என்று கேளுங்கள். உங்கள் தொகுதி எம்பிக்கும் ஒரு பிரதி போகட்டும்.

இப்படிக்கு,
வாகன மின்னிணைப்பு வேலை செய்வோர் சிலர்,
ஸ்காபரோ