இணையம் இல்லாத அறைக்குக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வாசிப்பறையில் இணைய இணைப்பு கிடையாது. ஆனாலும் கடந்த ஓராண்டாக இங்கு வரும் பிள்ளைகள் தமிழ் விக்கிப்பீடியாவில் வேண்டியதையெல்லாம் தேடிப் படிக்கிறார்கள். மேசை மூலையில் உள்ளங்கை அளவில் ஒரு ராஸ்பெரி பை கணினி இருக்கிறது. அதிலிருந்து வரும் வைஃபையில் சேர்ந்துகொண்டால் செல்பேசியிலும் பழைய மடிக்கணினியிலும் கட்டுரைகள் திறக்கின்றன. பார்க்கிறவர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். நான் செய்தது மிகவும் கொஞ்சம். உண்மையில் யார் யார் செய்தார்கள் என்று எழுதிவைக்காமல் எனக்கு மனசு ஆறாது.

முதல் நன்றி, கட்டுரை எழுதியவர்களுக்கு. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இன்று அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. உங்களில் பலரைப் பயனர் பெயரால் மட்டுமே எனக்குத் தெரியும். உங்கள் எழுத்தைப் படியெடுத்து இங்கே வைக்க நான் யாரிடமும் போய் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. எழுதியவர்களையும் உரிமத்தையும் குறிப்பிட வேண்டும், மாற்றி எழுதினால் அதையும் அதே உரிமத்தில் தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. முன்பின் தெரியாத எங்களுக்காக அந்த அனுமதியை எழுதும்போதே கொடுத்துவிட்டீர்கள்.

அடுத்து கிவிக்ஸ் குழுவினர். இம்மானுவேல் எங்கல்ஹார்ட்டும் ரெனோ கோதானும் 2007இல் தொடங்கிய, இணையம் இல்லாமல் விக்கிப்பீடியா போன்றவற்றைப் படிக்க உதவும் கட்டற்ற மென்பொருள் அது. ஒரு கலைக்களஞ்சியம் முழுவதையும் 'ஜிம்' என்ற வகையில் ஒரே கோப்பாக அடைத்துத் தருகிறார்கள். இவ்வளவையும் அமுக்கிவைத்தால், ஒரு கட்டுரை படிக்க மொத்தத்தையும் விரிக்க வேண்டியிருக்குமே, இந்தச் சின்னக் கணினி தாங்குமா என்று முதலில் பயந்தேன். அப்படியில்லை. கட்டுரைகளைச் சிறு சிறு மூட்டைகளாகக் கட்டி, மூட்டை மூட்டையாகத்தான் அமுக்கியிருக்கிறார்கள். கேட்ட கட்டுரை எதில் இருக்கிறதோ அதை மட்டும் அவிழ்த்தால் போதும். பெயர்ப் பட்டியலும் வரிசைப்படுத்தியே இருக்கிறது. அகராதியை நடுவில் திறந்து முன்னா பின்னா என்று பார்ப்பதைப் போல, ஒன்றரை லட்சம் பெயர்களில் வேண்டியதை அதிகபட்சம் 18 முறை பாதியாக வகுத்தே பிடித்துவிடலாம்.

தமிழுக்கு இந்த அமுக்கல் இன்னும் முக்கியம். எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறைக்குக் குறியேற்றம் என்று பெயர். இணையத்தில் வழக்கமாகப் பயன்படும் குறியேற்றத்தில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு (கணினியில் இடத்தை அளக்கும் அலகு) போதும். 'தமிழ்' என்ற சொல்லுக்கோ 15 பைட்டு வேண்டும். 'ழ்'இன் புள்ளியும் 'மி'யின் மேல்விலங்கும்கூடத் தனித்தனியே மூன்று பைட்டு எடுக்கும். திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கும் முறை இருப்பதால் நம் மொழியின் கோப்பு ஒரு சாதாரண மெமரி கார்டில் எளிதாக அடங்குகிறது.

அப்புறம், எங்களுக்கு வன்பொருளைத் தயார்செய்து கொடுத்த தம்பிக்கு. தமிழோடு ஆங்கில விக்கிப்பீடியாவையும் வைக்க நினைத்து, அதன் கோப்பை மெமரி கார்டுக்கு மாற்றும்போது இடம் தாராளமாக இருந்தும் ஏறவில்லை. இரண்டு இரவு போராடி, கார்டே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டியிருந்தேன். ஃபேட்32 முறையில் தயார்செய்த கார்டு 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது என்று தம்பி சொல்லி, எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக் கொடுத்தார். சரி, ஏறிவிட்டதே என்று எழுந்தவனை உட்காரவைத்து, கோப்பு பழுதில்லாமல் முழுதாக வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட வைத்தார். எண் பொருந்தவில்லை. பதிவிறக்கம் பாதியில் அறுந்திருந்தது. அன்று அவர் அவசரப்பட்டிருந்தால், இங்கே பிள்ளைகள் பாதிக் கோப்போடு மல்லுக்கட்டியிருப்பார்கள்.

படங்களோடு சேர்ந்த ஆங்கில விக்கிப்பீடியா 100 ஜிபியைத் தாண்டும் என்பதால் படமில்லாத பதிப்பை எடுத்தோம். தமிழையும் அப்படியே எடுக்கலாம் என்றேன். எங்கள் அறிவியல் ஆசிரியை ஒத்துக்கொள்ளவே இல்லை. இலையின் படம் இல்லாமல் செடியைப் பற்றி என்ன படிப்பது என்று கேட்டார். ஒவ்வொரு கோப்பும் எந்த மாதத்தில் எடுத்த படி என்பதை முகப்பில் பெரிதாக எழுத வைத்தவரும் அவர்தான். மக்கள்தொகையும் பதவியில் இருப்பவர் பெயரும் மாறிக்கொண்டே இருக்கும், எந்தத் தேதியின் படி என்று தெரியாவிட்டால் பிள்ளை பழைய தகவலை இன்றையது என்று நம்பிவிடும் என்றார். இரண்டுக்கும் நன்றி, டீச்சர்.

கடைசியாக, எங்கள் பிழை நோட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு. இணையம் இல்லாமல் படிப்பவரால் கட்டுரையைத் திருத்த முடியாது. அது எனக்குப் பெரிய குறையாகவே இருந்தது. மேசைமேல் ஒரு நோட்டு வையுங்கள், கண்ணில் படும் பிழையைப் பிள்ளைகள் எழுதட்டும் என்றீர்கள். மாதம் ஒருமுறை அதை வாங்கிப்போய், நூல்களைப் பார்த்துச் சரியென்று உறுதியான திருத்தங்களை மட்டும் விக்கிப்பீடியாவில் சேர்க்கிறீர்கள்.

ஓர் ஆற்றின் நீளம் கட்டுரையின் தொடக்கத்தில் ஒன்றாகவும் பக்கத்துப் பெட்டியில் வேறாகவும் இருப்பதை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருந்தாளே, நினைவிருக்கிறதா? போன வாரம் புதிய கோப்பை ஏற்றினோம். அவள் முதலில் திறந்தது அந்தக் கட்டுரையைத்தான். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தன. நோட்டில் அந்த வரிக்கு நேராக ஒரு சரிக்குறி போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அதில் இப்போது 11 வரிகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன, அக்கா.

நிறைந்த நன்றியுடன்,
வாசிப்பறைப் பொறுப்பாளர்