பட்டத்தோடு முடியாத வாழ்வு

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவில் முதன்முதலாக இளங்கலைப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்ணைப் பற்றி வந்திருந்த சிறு குறிப்பைப் படித்தேன். மேரி ஜேன் பேட்டர்சன் 1862ஆம் ஆண்டு ஓஹாயோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியில் பட்டம் பெற்றார் என்பதோடு அது முடிந்துவிட்டது. செய்தியில் பிழை ஏதுமில்லை. ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகைக்கு முன்னால் நின்ற எனக்கு, ‘முதல்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டது பெருங்குறையாகவே பட்டது. பட்டம் வாங்கிய கையோடு அந்தப் பெண்கள் எங்கே போனார்கள், யாருக்குக் கற்பித்தார்கள் என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டாமா? பேட்டர்சனுக்கு மூன்றாண்டு கழித்து, 1865இல், அதே கல்லூரியில் அதே பட்டத்தைப் பெற்றவர் ஃபேனி ஜாக்சன் காப்பின். முதலாமவர் அல்லர் என்பதாலேயே இத்தகைய குறிப்புகளில் அவர் பெயர் விடுபட்டுப் போகிறது. அவரைப் பற்றிச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஃபேனி 1837இல் வாஷிங்டன் நகரில் அடிமையாகப் பிறந்தார். அவருடைய தாயின் உடன்பிறந்தவரான சாரா, மாதம் 6 டாலர் கூலிக்கு வேலை செய்தவர். 125 டாலர் சேர்த்துக் கொடுத்து அந்தச் சிறுமியை மீட்டார். ஒரு காசுகூடச் செலவழிக்காமல் வைத்தாலும் அது ஏறத்தாழ 21 மாதக் கூலி. பிறகு ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட்டில், கால்வர்ட் என்ற செல்வக் குடும்பத்தில் 14 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஃபேனி, பிற்பகல்களில் ஒரு மணி நேரம் விடுப்புக் கேட்டு, தம் கூலியிலிருந்தே பணம் கொடுத்து, தனி ஆசிரியரிடம் பாடம் படித்தார். தையலையும் வீட்டு நிர்வாகத்தையும் அந்த வீட்டு அம்மாளிடமே கற்றுக்கொண்டார். அங்கிருந்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கும், 1860இல் ஓபர்லினுக்கும் சென்றார்.

ஓபர்லின் அக்காலத்தில் தனித்து நின்ற கல்லூரி. 1833இல் தொடங்கி, 1835 முதல் கறுப்பின மாணவர்களையும், 1837 முதல் பட்டப்படிப்பில் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் லத்தீன், கிரேக்கம், உயர்கணிதம் அடங்கிய படிப்புக்கு ‘ஆடவர் படிப்பு’ என்றே பெயர். பெண்கள் அதில் சேரக் கூடாது என்று கல்லூரி தடுக்கவில்லை. சேருங்கள் என்று அறிவுறுத்தவும் இல்லை. ஃபேனி அதில்தான் சேர்ந்தார். வகுப்பில் பாடம் ஒப்பிக்க எழுந்த ஒவ்வொரு முறையும் தம் இனம் முழுவதன் மானமும் தம் தோள்மேல் இருந்ததாக உணர்ந்தேன் என்று பிற்காலத்தில் அவர் எழுதினார். ஒரு பெண்ணின் இலக்கணப் பிழை ஓர் இனத்தின் பிழையாகக் கணக்கு வைக்கப்படும் வகுப்பறையில் உட்கார்ந்து படிப்பது எத்தகைய பாரம் என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் கனக்கிறது.

அங்கே கல்லூரியின் ஆயத்த வகுப்புக்குப் பாடம் நடத்த, மேல்வகுப்பு மாணவர்களைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். ஃபேனியைத் தேர்ந்தெடுத்தபோது, மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தால் அவர்களைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கறுப்பின ஆசிரியை உள்ளே வந்ததும் சில முகங்களில் வியப்புத் தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் சேர்ந்துகொண்டே போனதால் வகுப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. இரண்டையும் அவரிடமே கொடுத்தார்கள்.

என் நெஞ்சைத் தொட்டது இதுவன்று, அவருடைய மாலை வகுப்பு. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் தெற்கிலிருந்து விடுதலை பெற்று ஓபர்லினுக்கு வந்தவர்களுக்கு, பகலெல்லாம் தாம் படித்துவிட்டு மாலையில் எழுத்தறிவித்தார் ஃபேனி. வாழ்நாள் முழுவதும் புத்தகத்தைத் தொட அனுமதிக்கப்படாத கிழவர்கள், விரலை வைத்து எழுத்துக் கூட்டி, ஒரு சிறு சொல்லைப் படித்து முடிக்கப் பட்ட பாட்டை அவர் உருக்கத்தோடு பதிவு செய்திருக்கிறார். கிரேக்கம் படித்த அதே நாளில் அரிச்சுவடியும் கற்பித்தவர் அவர்.

பட்டம் பெற்ற ஆண்டே, குவேக்கர்கள் என்ற கிறித்தவச் சமயப் பிரிவினர் பிலடெல்பியாவில் நடத்திய கறுப்பின இளைஞர் பள்ளியில் ஆசிரியையானார், 1869இல் தலைமையாசிரியை. 1902 வரை 33 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். அங்கும் கிரேக்கமும் லத்தீனும் உண்டு. ஆனால் படித்து முடித்த பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்க வழியில்லை. பட்டறைகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. பிலடெல்பியாவில் கறுப்பினச் சிறுவன் தொழில் கற்க முடிந்த இடங்கள் சிறுவர் சீர்திருத்த இல்லமும் சிறைச்சாலையும்தான் என்று அவர் வேதனையோடு சுட்டிக்காட்டினார். பத்தாண்டு அலைந்து நிதி திரட்டி, 1889இல் தொழிற்பிரிவைத் திறந்தார். கொத்துவேலை, தச்சு, அச்சு, செருப்புத் தைத்தல், தையல், தட்டச்சு ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. ஏட்டுக் கல்வியா, கைத்தொழிலா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்க, அவர் இரண்டையும் ஒரே கூரையின்கீழ் நடத்திக் காட்டினார்.

மாணவர்களை அடிக்கும் வழக்கத்தையும் அவர் தம் பள்ளியில் ஒழித்தார். பிள்ளையை மந்தம் என்று சொல்லும் சொல் வகுப்பறையில் ஒலிக்கவே கூடாது என்பது அவர் ஆசிரியர்களுக்கு எழுதிவைத்த அறிவுரை. பணியில் சேர்ந்த புதிதில் நானும் பிரம்பு வைத்திருந்தவள்தான். அந்தச் சொல்லையும் சொல்லியிருக்கிறேன். நூறாண்டுக்கு முன்பே எழுதப்பட்ட அவ்வரிகளைப் பணி ஓய்வுக்குப் பிறகுதான் படிக்க நேர்ந்தது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

1902இல், திருச்சபை ஆயராக இருந்த கணவருடன் தென்னாப்பிரிக்கா சென்று அங்கும் பெண்களிடையே பணியாற்றினார். 1913 ஜனவரியில் பிலடெல்பியாவில் காலமானார். பால்டிமோரில் கறுப்பின ஆசிரியர்களைப் பயிற்றுவித்த நிறுவனத்துக்கு 1926இல் அவர் பெயர் சூட்டப்பட்டது; அது இன்று காப்பின் மாநிலப் பல்கலைக்கழகம். நியூபோர்ட்டில் அவர் வேலை செய்த கால்வர்ட் வீட்டின் தலைவர் பால்டிமோர் பிரபுக்களின் வழிவந்தவர். அந்தப் பிரபுக்களின் பட்டப்பெயரைத் தாங்கிய நகரத்தில்தான் அந்த வீட்டுப் பணிப்பெண்ணின் பெயர் பல்கலைக்கழக வாயிலில் இருக்கிறது.

பேட்டர்சனும் அவ்வாறே, பிலடெல்பியாவில் ஃபேனியோடு பணியாற்றிவிட்டு வாஷிங்டன் சென்று, அங்குள்ள கறுப்பின மாணவர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையை ஏற்று வளர்த்தவர். ஆகவே, இப்பெண்களைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, பட்டம் பெற்ற ஆண்டோடு நிறுத்தாமல், மாணவர் பகுதியில் அரைப் பக்கமாவது ஒதுக்கி, ஓபர்லினின் அந்த மாலை வகுப்பைப் பற்றியும் பிள்ளைகள் படிக்கும்படி வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மதுரை