விற்கிற நிலத்தில் தண்ணீருக்கும் தடம் விடுங்கள்

நீலகிரியில் நம் கேத்தி பள்ளத்தாக்கில் இன்னும் நிலம் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

நிலத்தை விற்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போன கேரட்டில் வண்டி வாடகை, கூலி, கமிஷன் போக என்ன மிஞ்சுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். உருளைக்கிழங்கில் வேரைத் தின்னும் நூற்புழு இருப்பதை 1961-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் பசுந்தேயிலை விலை காலை வாரியது. இதையெல்லாம் தாண்டி விளைந்து நிற்பதைக் காட்டெருமையும் பன்றியும் பார்த்துக்கொள்கின்றன. இந்த நிலைமையில் ரோட்டோரத்துப் பத்து சென்ட்டுக்கு ஒருவர் பணத்தோடு வந்து நின்றால், மகள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு விதை வாங்கப் போகிறவர் யார்?

வந்து குடியேறுகிறவர்கள் மேலும் எனக்கு வருத்தமில்லை. ஊட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ், குன்னூரில் வாத்தியார், வெலிங்டனில் ஓய்வு பெற்ற ராணுவத்துக்காரர். டவுனில் வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே வருகிறார்கள். காலை பஸ்ஸில் அவர்களோடு நெருக்கியடித்துக்கொண்டு துணிக்கடை வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் போகிறவர்கள் நம் பிள்ளைகள்தான். வெளியே போய்ச் சம்பாதிப்பது நமக்கும் புதிதில்லை. அருவங்காடு கார்டைட் வெடிமருந்து ஃபேக்டரி சம்பளத்தில் படித்து வந்தவர்கள் நம் ஹட்டிகளில், படுகர் ஊர்களில், எத்தனை பேர்!

என் கவலை தண்ணீரைப் பற்றியது.

எங்கள் தோட்டத்துக்கு மேல் போன வருடம் ஒரு வீடு வந்தது. நல்ல மனிதர்கள், பால் காய்ச்சியபோது ஊரையே கூப்பிட்டார்கள். அந்த வீட்டுக் கூரைத் தண்ணீர் முழுவதும் ஒரே குழாயில் இறங்கி என் வரப்பின் தலையில் விழுகிறது. ஐப்பசி மழை இரண்டு நாள் பிடித்ததும் வரப்பில் முழங்கால் ஆழத்துக்கு வாய் பிளந்தது. செம்மண் கரைந்து போய், பாதி வளர்ந்த கேரட் தோள் தெரிய நின்றது. தடுப்புச் சுவரைப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வடிய நாலு அடிக்கு ஒரு பிவிசி துண்டாவது செருகியிருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. சுவருக்குப் பின்னால் மண் ஊறிக்கொண்டிருக்கிறது.

2009 நவம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சில நாள் மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நம் பள்ளத்தாக்கும் தப்பவில்லை.

நம் தாத்தாக்கள் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு கீற்று நிலத்தைப் பயிர் வைக்காமல் விட்டார்கள். மேலே பெய்கிற மழை அதன் வழியாக ஓடைக்கு இறங்கும். ஒரு ஏக்கராக இருந்தவரை அது யார் கண்ணிலும் உறுத்தவில்லை. ஐந்து சென்ட், ஆறு சென்ட்டாகப் பிரித்ததும் அந்தக் கீற்று யாரோ ஒருவரின் கார் நிறுத்துமிடமாகிவிடுகிறது. வாங்கியவரைக் குறை சொல்ல முடியாது. பத்திரத்தில் நான்கு பக்கச் செக்குபந்தி, அதாவது எல்லை விவரம், இருக்கிறது. தண்ணீர் போகும் தடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. ‘மாமூல் பாத்தியங்கள் சகிதம்’ (வழக்கமான உரிமைகளோடு) என்று பத்திர எழுத்தர் வழக்கமாகப் போடும் வாசகத்தை வைத்து எந்த இடத்தைக் காட்டுவது?

மேல் நிலத்தில் இயல்பாக விழும் மழைநீர் கீழ் நிலத்துக்கு இயல்பாக இறங்கலாம் என்று 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமே சொல்கிறது. இயல்பாக! குழாயில் திரட்டி ஒரே இடத்தில் கொட்டுவது அதில் சேருமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 1993 மாஸ்டர் பிளானில் கட்டடம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று இருப்பது எல்லோருக்கும் மனப்பாடம். உயரத்தைப் பற்றித்தான் பேச்சு. தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று யாரும் குனிந்து பார்த்து நான் கண்டதில்லை.

இதைவிட மோசம் ஓடை. புது வீடுகள் சிலவற்றின் செப்டிக் டேங்க் நிரம்பி வழிவது அதில்தான். கீழே அதே தண்ணீரைத்தான் மோட்டார் வைத்து இறைத்துத் தோட்டத்துக்கு விடுகிறோம். ‘ஊட்டி கேரட்’ என்று சென்னையில் பச்சையாகக் கடித்துத் தின்கிறார்கள், சாமி! நாமும் யோக்கியர்கள் இல்லை. சரிவுக்கு நேராகப் பாத்தி பிடித்து மண்ணை ஓடையில் தள்ளுவதும், மருந்து டப்பாவை அதிலேயே கழுவுவதும் நாம்தான்.

ஆகவே விற்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாங்குபவர் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அவரை நிலத்தில் நிற்க வைத்து, தண்ணீர் இறங்கும் தடத்தைக் காட்டுங்கள். மூன்றடி அகலத்துக்குக் கல் நட்டு, சர்வேயரை வைத்து வரைபடத்தில் ஏற்றி, ‘இந்தத் தடத்தை அடைக்கவோ, இதன் மேல் கட்டவோ, இதில் கழிவுநீர் விடவோ கூடாது’ என்று பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். ஓடையை ஒட்டிய சதுப்பைப் பிரித்து விற்கவே விற்காதீர்கள். மூன்றடிக்காக விலை கொஞ்சம் குறையலாம். வாங்குகிறவரின் சுவரும் அதனால்தான் நிற்கும் என்று சொன்னால் புரிந்துகொள்வார். அவரும் தூங்கப்போவது இந்தச் சரிவில்தான்.

இதை ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்துத் தோட்டக்காரர் தடமில்லாமல் விற்றுவிடுவார். அடுத்த ஊர்க்கூட்டத்தில் இதைப் பொதுவாகப் பேசி முடிவெடுக்க வேண்டும். புதிதாக வந்தவர்களையும் அழையுங்கள். எழுத்தரிடம் கொடுக்க வேண்டிய வாசகத்தை வெள்ளைத் தாளில் எழுதிக் கொண்டுவருகிறேன். திருத்தம் இருந்தால் அங்கேயே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ரோட்டுக்குக் கீழே கேரட் போடும் ஒருவன்