திருகோணமலை உப்புவெளி சனசமூக நிலையம்: 2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவருக்கும் நிருவாக சபையினருக்கும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு யாராவது இதை வாசித்துக் காட்டுங்கள்.

பொங்கல், வடிகான் சிரமதானம், வாணிவிழா வழமைபோல் நடந்தன. சுனாமியின் 20ஆம் ஆண்டு நினைவுக்கு மட்டும் கதிரை போதவில்லை.

இனி, முதுகுக்குப் பின்னால் பேசப்படும் விடயம். சந்தாக் காசில் செயலாளர் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து விளையாடுகிறாராம். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு எங்கள் கரையில் விடுதிகள் எழும்பிய வேகம் தெரியாதவர் இல்லை. கரைவலைக்காரர் வாடி போட்ட இடத்தில் இப்போது குடையும் சாய்கதிரையும். வளவை விற்றவர்கள் போகிறார்கள். வாடகைக்கு இருந்தவர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். மிஞ்சியிருக்கும் பழைய ஆட்களை அவரவர் வாசலில் வைத்து எடுக்கிறேன், அவ்வளவுதான். பல வீடுகளில் பழைய படம் ஒன்றுகூட இல்லை. 1990 யுத்த இடப்பெயர்வில் போனது பாதி, 2004இல் கடல் கொண்டுபோனது மீதி.

கலரில் எடுத்தால் விடுதியின் நீல மதில்தான் முதலில் கண்ணில் படுகிறது, ஆள் பின்னுக்குப் போய்விடுகிறார். கருவாடு காயப்போடும் ஆச்சி ஒருவர், “கறுப்பு வெள்ளையோ? அந்தியேட்டிக் கல்வெட்டுக்கோ தம்பி இப்பவே எடுக்கிறாய்?” என்று, செத்த பிறகு அச்சடிக்கும் நினைவுப் புத்தகத்தைச் சொல்லிக் கேட்டார். பிறகு உள்ளே போய் மூக்குத்தி போட்டுக்கொண்டு வந்து நின்றார். அந்தப் படத்தில் விரலில் ஒட்டிய உப்புப் பரல்கூடத் தெரிகிறது.

ஒரு ரோலில் 36 படம். பிலிம் கொழும்பிலிருந்து வரவேண்டும். கழுவும் மருந்து 20 பாகை செல்சியஸில் இருந்தால் நல்லது. எங்கள் குழாய்த் தண்ணீரோ மத்தியானத்தில் தேயிலை போடலாம் போல வரும். அதனால் மீன்பெட்டிக்குப் போடும் ஐஸில் மருந்துப் போத்தலைப் புதைத்துவைத்து, வாசிகசாலைக் களஞ்சிய அறையில் இரவிரவாகக் கழுவினேன். கணக்கில் “ஐஸ்” என்று இருப்பது இதுதான், விருந்துச் செலவு அல்ல.

மற்ற வரவு செலவைப் பொருளாளர் சொல்வார். கையிருப்பு குறைவு, கடன் இல்லை. சந்தா ஒழுங்காகக் கட்டியவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. படம் எடுக்கப் பழகுவதாகப் பெயர் கொடுத்த ஐந்து இளைஞரில் இருவர் முதல் ஞாயிறு மட்டும் வந்தார்கள். மற்ற மூவர் அதுவும் இல்லை.

கதவு திறந்த வீட்டாருக்கும், ஐஸைக் கடனுக்குத் தந்தவருக்கும், நிருவாக சபைக்கும் நன்றி.

வரும் ஆண்டு இப்பதவிக்கு வேறு ஆள் இருந்தால் களஞ்சிய அறைத் திறப்பை இன்றே கொடுக்கத் தயார். வளவு விற்கும் யோசனை உள்ளவர்கள் உறுதி எழுத முன்னர் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள். வெயில் ஏற முன்னர் கெமராவோடு வந்துவிடுவேன். நிலுவைச் சந்தாவையும் அப்படியே வாங்கிக்கொள்ளலாம்.

செயலாளர்