பரலுக்குள் சாரைச் சோடி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை எங்கள் ஊரில், மட்டக்களப்புப் படுவான்கரையில் வெல்லாவெளிக்கு அங்கால், ஒரு பொடியன் இரண்டு சாரையைப் பிடித்து நீலப் பரலுக்குள் போட்டு மூடி வைத்திருந்தான். என்னடா தம்பி இது என்றால், "சோடி சேர்க்கப் போறன் சேர், வெளிநாட்டில குட்டி எடுத்து விக்கிறாங்கள்" என்கிறான். சாரை குட்டி போடாது, முட்டைதான் இடும், அதுவே தெரியாது. வரம்பில் இரண்டும் பின்னிக்கொண்டு தலையைத் தூக்கி நின்றதைக் கண்டுதான் பிடித்தானாம்.

அது சோடியே இல்லை. அப்படி எழும்பிப் பின்னி ஒன்றின் தலையை மற்றது அமுக்கப் பார்ப்பது இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. எங்கள் அப்பா காலத்துப் போடியார்மார், அதாவது பெரிய வயல்காரர், அதன்மேல் வெள்ளைச் சால்வையைப் போட்டு எடுத்துப் பெட்டகத்தில் வைப்பார்கள், செல்வம் வரும் என்று. சாரையும் நாகமும் சேரும் என்ற கதையும் இதை வைத்து வந்ததுதான்.

ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன் கோர்ன் ஸ்நேக் வளர்க்கிறான், கூட்டில் பிறந்து வளர்ந்த பாம்புகள். அவன் படும் பாட்டைக் கேட்டால் எவனும் பரலைத் தூக்கமாட்டான். புதிதாக வாங்கிய பாம்பு இரண்டு மூன்று மாதம் வேறு அறையில், சிற்றுண்ணி, நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க. ஆணா பெண்ணா என்று தெரிந்தவரிடம் காட்டி உறுதிசெய்ய வேண்டும். பெண்ணுக்கு மூன்று வயது, 300 கிராமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டை சிக்கிச் செத்துவிடக்கூடும். குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதம் 10 முதல் 15 பாகை செல்சியஸில் பட்டினி. பிறகு தீன் கொடுத்துத் தேற்றி, பெண் பாம்பு சட்டை கழற்றியதும் ஆணோடு விடுவான், பக்கத்திலேயே இருந்து பார்ப்பான். கடித்தால் உடனே பிரிப்பான். ஒன்றாக இருக்கும்போது தீன் கிடையாது, ஒரே எலியை இரண்டும் கவ்வினால் ஒன்று மற்றதையும் சேர்த்து விழுங்கிவிடலாம். கிங் ஸ்நேக் என்றால் இன்னும் மோசம், அது பாம்பு தின்னும் பாம்பு, பெண்ணைப் பார்த்துப் பசி வந்தாலும் வந்துவிடும். சரி, முட்டை வந்தால் அதைப் புரட்டாமல் 28 பாகையளவில் இரண்டு மாதம் காக்க வேண்டும்.

இங்கே காட்டுப் பாம்பைப் பிடித்து வளர்த்து விற்கச் சட்டமும் இடம் தராது. எலி தின்று வேளாண்மையைக் காக்கிற சாரையைப் பரலில் போட்டால் நட்டம் அவன் அப்பாவுக்குத்தான். அதைவிடப் பயம், சாரை என்று நினைத்து அவன் அமுக்கியது நாகமாக இருந்திருந்தால்?

பின்னேரம் மூடியைத் திறந்தோம். ஒன்றின் மூக்கு மூடியில் உரசி உரசித் தோல் கிழிந்து இரத்தமாக இருந்தது. இரண்டையும் வாய்க்காலோரம் விட்டோம். உங்கள் பத்திரிகையில் சாரையையும் நாகத்தையும் பக்கத்துப் பக்கமாக ஒரு படம் போடுங்கள், சாரை மல்லுக்கட்டும் படமும் கிடைத்தால் அதையும். கத்தரித்து அந்தப் பொடியனிடம் நானே கொடுக்கிறேன்.

இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர்,
வெல்லாவெளி