சந்தைச் சுவர் ஓவியம்: கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி

சந்தைப் பின்சுவரில் கண்மாய் ஓவியம் முடிந்துவிட்டது. 60 அடி நீளம், 16 அடி உயரம். படம் போட ஒன்பது நாள்தான் ஆனது. சுவரைத் தயார் செய்ய ஒன்றரை மாதம். அதனால் முதல் நன்றி, தூரிகையே பிடிக்காதவர்களுக்கு.

நான்கு நாள் சுரண்டிய கல்லூரிப் பிள்ளைகளே, போஸ்டர் பசையை வெந்நீரில் ஊறவைத்து உரித்தீர்கள். அடியிலிருந்த பழைய சுண்ணாம்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தீர்கள். உள்ளங்கையால் தடவினால் மாவு ஒட்டாமல் போகும் வரை விடவில்லை. "தஞ்சைப் பெரிய கோயிலில் சுண்ணாம்பின் மேல்தானே வரைந்தார்கள்?" என்று ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. அங்கே ஈரச் சுண்ணாம்புப் பூச்சிலேயே நிறத்தை ஏற்றினார்கள். காரை இறுகும்போது நிறமும் அதோடு சேர்ந்துகொண்டது. வெள்ளையடித்த சுவர் அப்படியல்ல. அதன் மேல் எமல்ஷன் பூசினால் முதல் மழைக்கே அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வரும்.

கிழக்கு மூலையில் உப்புப் பூத்திருந்ததைக் கண்டுபிடித்த கொத்தனாருக்கு நன்றி. ஓரடிப் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு இரவு முழுக்க ஒட்டிவைத்தார்; காலையில் உள்பக்கம் முத்து முத்தாய்த் தண்ணீர். பின்னால் குழாய் கசிந்துகொண்டிருந்தது. பிளம்பர் கூலி வாங்காமல் அடைத்துக் கொடுத்தார். பழைய பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசி, 28 நாள் காத்திருந்தோம். இடையில் "இன்னுமா ஆரம்பிக்கலை?" என்று கேட்டவர்களுக்கும், கேட்காமல் பொறுத்தவர்களுக்கும் நன்றி. ஆறாத புதுப் பூச்சின் காரம் நிறத்தைத் தின்றுவிடும், வேறு வழியில்லை.

பெயின்ட் கடைக்காரருக்குத் தனியாக ஒரு கும்பிடு. லிட்டருக்கு 100 சதுர அடி என்று கணக்குப் போட்டு ஒரு முறை பூச 10 லிட்டர் பிரைமர் (பெயின்டுக்கு அடியில் போடும் முதல் பூச்சு) எடுத்தோம். சொரசொரப்பான சுவர் 15 லிட்டர் குடித்தது. குறைந்ததைக் கடனாகக் கொடுத்தார். பெயின்டில் நிறம் ஏற்றக் கலக்கும் ஸ்டெய்னரை அள்ளி ஊற்றி அடர்நிறம் வரவழைக்கப் பார்த்தபோது தடுத்தவரும் அவரே: அளவு மீறினால் படலம் வலுவிழக்கும், திட்டுத் திட்டாகும். கரை முழுக்கக் காவியும் மஞ்சளும் ஆக்சைடு நிறங்களாக இருப்பது அவர் யோசனை. மேற்கு வெயிலுக்குச் சீக்கிரம் வெளுக்காது.

பிளக்ஸ் வருவதற்கு முன் ஊர்ச் சுவரெல்லாம் எழுதிய பெரியவர் வராவிட்டால் பனைமரங்கள் கோணியிருக்கும். தாளில் ஓர் அங்குலக் கட்டத்துக்குச் சுவரில் ஓரடிக் கட்டம். கட்டக் கோடுகளுக்கு நூல் அடிக்க நீலப்பொடியை எடுத்ததும் கையைப் பிடித்தார். "வெளிர் நிறத்துல ஊறி மேல வந்துரும். கரித்தூளத் தொட்டு அடிங்க, துணியால தட்டுனாப் போயிரும்." போயிற்று.

சவுக்குக் கம்புச் சாரம் கட்டியவர்கள், காலை ஆறு முதல் பத்து வரை வண்டிகளைத் தள்ளி நிறுத்திய ஆட்டோ ஸ்டாண்ட் தம்பிமார், டீக்கடை அக்கா, எழுத்து மூலம் அனுமதி தந்த பேரூராட்சி அலுவலகம், நாலடி உயரத்துக்குள் எண் போட்ட கட்டங்களை நிரப்பிய பள்ளிப் பிள்ளைகள், எல்லாருக்கும் நன்றி.

அடியில் இரண்டடிக்குக் கரும்பட்டை ஏன் என்று பலர் கேட்கிறீர்கள். சேறும் வெற்றிலை எச்சிலும் அங்கேதான் படும். ஆண்டுக்கொரு முறை அதை மட்டும் பூசினால் போதும். ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டர், கலந்த விகிதம் எழுதி ஒட்டி, நூலக அலமாரியில் இருக்கிறது. மழை முடிந்து தை மாதம் சுவர் காய்ந்ததும் பெயர்ந்த இடங்களை ஒட்டுப்போடுவோம். பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
சுவரோவியக் குழுவினர்