மார்கழி காபிக்கு ஒரு டம்ளர், ஒரு நாற்காலி

மதிப்புக்குரிய சபா செயலாளர் அவர்களுக்கும் கமிட்டி உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வருகிற மார்கழி இசை சீசனுக்கான கேன்டீன் ஒப்பந்தத்தை இந்த மாதம் முடிவு செய்யப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன் இந்த மடல் உங்கள் கண்ணில் பட வேண்டும் என்பதால் அவசரமாக எழுதுகிறேன்.

போன டிசம்பர் 25, விடுமுறை நாள். கூட்டம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னுடன் என் அத்தை வந்திருந்தார். 76 வயது. சீசனுக்கென்றே வருஷா வருஷம் மாயவரத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் பத்து நாள் தங்குகிறவர். முழங்கால் வலி உண்டு; விரல் கணுக்கள் வீங்கி, சரியாக மடங்காது. ஆனாலும் கச்சேரி முடிவில் மங்களம் பாடும்வரை எழுந்திருக்க மாட்டார். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்தாலே அவர் முகம் மாறிவிடும். அப்படி மரியாதையாக உட்கார்ந்து கேட்டதற்குக் கிடைத்த பரிசு, டோக்கன் வரிசையில் கடைசி இடம்.

அவரை ஒரு தூண் ஓரமாக நிற்க வைத்துவிட்டு, 20 நிமிஷம் நின்று காபி வாங்கி வந்தேன். காகிதக் கப்பில், கொதிக்கக் கொதிக்க, விளிம்பு வரை. அந்தக் கப்பை அழுத்திப் பிடித்தால் நசுங்கும், தளர விட்டால் நழுவும். வீங்கிய விரல்களுக்கு அந்தப் பக்குவம் எங்கே வரும்? பாதிக் காபி அவர் கையிலும் புடவையிலும் கொட்டியது.

உட்கார வைக்கலாம் என்று சுற்றிலும் பார்த்தேன். நாற்காலி இல்லாமல் இல்லை. மதியம் இலை போட்டுச் சாப்பாடு பரிமாறியபோது போட்டிருந்த நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, மூலையில் இருந்தன. ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, "சேர் எல்லாம் சாப்பாட்டுக்குத்தான் சார், அது மூணு மணியோட முடிஞ்சுது" என்றான் அங்கிருந்த பையன். அவன்மேல் குறையில்லை. அவனுக்குச் சொல்லி வைத்திருந்ததை அவன் சொன்னான்.

மறுநாள் அத்தை வீட்டிலேயே காபி போட்டு, பிளாஸ்கில் ஊற்றி எடுத்து வந்தார். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். எங்கள் டிக்கெட்டைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். காபியை டவரா டம்ளரில் கொடுக்கச் சொல்லுங்கள். கட்டி வைத்த நாற்காலிகளில் ஒரு பத்தையாவது அவிழ்த்துப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் காபியை நான் குறை சொல்லவில்லை. முதல் டிகாஷன் தீர்ந்த பிறகு வருவது வேறு சங்கதி, அதை விடுங்கள். ஆனால் ஃபில்டர் காபிக்கு டவரா என்பது அலங்காரம் இல்லை. இரண்டு ஆற்று ஆற்றினால்தான் வாயில் வைக்கிற சூட்டுக்கு வரும், நுரையும் எழும். காகிதக் கப்பில் எதை ஆற்றுவது? கழுவ ஆள் இல்லை என்பீர்கள். தெருமுனை மெஸ்ஸில் இரண்டே பேர் வெந்நீரில் அலசி அலசிக் கொடுக்கிறார்கள். தவிர, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட காகிதக் கப்பும் இருக்கிறது. உங்கள் கப்பின் உள்பக்கத்தை ஒருமுறை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

மார்கழியில் சபாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கச்சேரி கேன்டீனில்தான் முடிகிறது. உள்ளே பாடிய ராகம் தர்பாரா, நாயகியா என்று முன்பின் தெரியாத இரண்டு பேர் அரைமணி நேரம் சண்டை போடுவார்கள். கடைசியில் ஒருவர் மற்றவருக்குக் காபி வாங்கிக் கொடுப்பார். டிக்கெட் வாங்காமல் அடை, காபிக்காக மட்டும் வருகிறவர்களும் உண்டு, அவர்களும் நமக்கு வேண்டியவர்கள்தான். இப்போதோ நின்றபடி நாலு மிடறு குடிப்பதற்குள் "கொஞ்சம் நகருங்க சார்" என்ற குரல் வந்துவிடுகிறது. நாற்காலி போட இடமில்லாத அதே கேன்டீன் வாசலில், செல்ஃபி எடுக்க ஒரு பூ வளைவு நிற்கிறது. ஸ்பான்சர் பெயர் எழுதிய தட்டிகள் மட்டும் ஏழு, எண்ணிப் பார்த்தேன். அரங்கத்துக்குள்ளே நன்கொடையாளருக்கென்று ஒதுக்கிய முன்வரிசைகளோ காலியாகவே கிடக்கின்றன. பேசாமல் அங்கே போய்க் காபி குடிக்கலாமா என்று கேட்கத் தோன்றியது.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். நன்கொடையாளர்கள் இல்லாமல் சபா நடக்காது என்பது எனக்கும் தெரியும். ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கத்தான் பணிவோடு கேட்கிறேன்: காபிக்கு டவரா டம்ளர், மாலையிலும் பத்து நாற்காலி. டம்ளருக்காக விலையில் ஐந்து ரூபாய் கூட்டினாலும் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

டிசம்பருக்கான ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். அத்தை இப்போதே போன் செய்து, "டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி, அங்க சேர் போடுவாளான்னு கேட்டுச் சொல்லுடா" என்கிறார். அவருக்கு என்ன சொல்லட்டும் என்று ஒரு வரி எழுதினால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சபாவின் பழைய ரசிகன்